'வரும்', 'வர வேண்டும்': அரசு மீதான நம்பிக்கையைப் பற்றி ஒரு தொடக்கப் பாடம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கும் பல வீடுகளில் இரண்டு பொருட்களைப் பார்க்கலாம். உள்ளே காமாட்சி விளக்கு. பின்வாசலில், கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குக் கீழே, ஆள் உயரத்துக்குப் பச்சை நிற பிளாஸ்டிக் தொட்டி. ஒரு கம்பெனியின் பெயரே பொருளின் பெயராகிவிட்டதால் எல்லாரும் அதை 'ஜோஜோ' என்கிறார்கள். விளக்கு, கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் கப்பலில் கொண்டுவந்த வழக்கம். தொட்டி இந்தச் சில ஆண்டுகளில் முளைத்தது. அரசியல் அறிஞர்கள் 'அரசு மீதான நம்பிக்கைச் சரிவு' என்று எழுதும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்தத் தொட்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் பேச்சு ஆங்கிலத்தில்தான். தேவாரத்திலும் ஆயாவின் வாயிலும் மிஞ்சியிருக்கும் தமிழைப் பிடித்துக்கொள்ள வருகிறார்கள். (பாட்டியை இங்கே ஆயா என்பார்கள்.) ஒரு நாள் எதிர்காலத்தையும் 'வேண்டும்' என்ற துணைவினையையும் நடத்திவிட்டு, இரண்டையும் வைத்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி எழுதிக் காட்டினாள்: 'குழாயில் தண்ணீர் வர வேண்டும். குழாயில் தண்ணீர் வராது.'

இலக்கணம் சரியாக இருந்தது. சரி என்று குறியிட்டுக் கொடுத்த பிறகுதான், நான் எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த கட்டுரையை அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள் என்பது உறைத்தது.

அவளுடைய முதல் வாக்கியம் உரிமையைச் சொல்கிறது: எனக்கு என்ன கிடைப்பது நியாயம்? இரண்டாவது வாக்கியம் கணிப்பு: உண்மையில் என்ன நடக்கப்போகிறது? தமிழில் 'எதிர்பார்ப்பு' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் பயன்படுத்துகிறோம், அதனால்தான் குழப்பம். 'மகன் வேலைக்குப் போவான் என்று எதிர்பார்க்கிறேன்' என்று ஒரு தாய் சொன்னால், அவன் போவான் என்று கணிக்கிறாளா, போக வேண்டியது அவன் கடமை என்கிறாளா? குரலைக் கேட்டால்தான் தெரியும்.

அரசு மீதான நம்பிக்கை 'வரும்' என்ற பக்கத்தில் இருக்கிறது. குடிமக்களின் அரசியல் எதிர்பார்ப்பு 'வர வேண்டும்' என்ற பக்கத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறலாம், சேர்ந்து இறங்கலாம், ஒன்று ஏற மற்றது இறங்கலாம். செய்திகளில் நாம் படிப்பது பெரும்பாலும் முதல் பக்கத்தைப் பற்றித்தான். இரண்டாவதை யாரும் அவ்வளவாக அளப்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

நம்பிக்கை என்றதும் பக்தி, பாசம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பால்காரரை நம்புகிறோம் என்றால் அவர் மீது பாசம் என்று பொருளில்லை, தினமும் பாலை அளந்து பார்ப்பதில்லை என்று பொருள். அரசு விஷயத்திலும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிப்பது, ஓய்வூதியம் முதல் தேதி வந்துவிடும் என்று மளிகைக் கடையில் கணக்கு வைப்பது, வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தூங்குவது, இவையெல்லாம் நம்பிக்கை. சரிபார்க்கும் வேலையிலிருந்து நமக்குக் கிடைக்கும் விடுமுறை என்று அதைச் சொல்லலாம். நம்பிக்கை போனால் அந்த விடுமுறையும் போகிறது. தொட்டி வாங்க வேண்டும், மேடை கட்ட வேண்டும், மோட்டார் பொருத்த வேண்டும், பாசி பிடிக்காமல் கழுவ வேண்டும்.

யாரை நம்புவது?

'அரசை நம்புகிறீர்களா?' என்று கேட்டால் பதில் சொல்வது கடினம், ஏனென்றால் அரசு என்பது ஒரே ஆள் இல்லை. டேவிட் ஈஸ்டன் என்ற அரசியல் அறிஞர் 1965-இல் செய்த ஒரு பகுப்பு இன்றுவரை பயன்படுகிறது. இன்றைய ஆட்சியாளர்களின் செயலைப் பார்த்து மக்கள் கொடுக்கும் ஆதரவு ஒன்று, அமைப்பு முறையின் மீதே படிந்து கிடக்கும் ஆதரவு இன்னொன்று என்று அவர் பிரித்தார். முன்னது சம்பளம் போல மாதாமாதம் ஏறி இறங்கும். பின்னது சேமிப்புப் போல. மோசமான ஆட்சியாளர் வந்து போகும் காலத்தில் அந்தச் சேமிப்பை வைத்துத்தான் நாடு ஓடும்.

தென்னாப்பிரிக்காவில் இதற்குப் பாடப்புத்தக உதாரணம் இருக்கிறது. ஜேக்கப் சூமா ஜனாதிபதியாக இருந்தபோது, ந்கண்ட்லாவில் உள்ள அவருடைய சொந்த வீட்டைப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசுப் பணத்தில் விரிவுபடுத்தினார்கள். மக்கள் பாதுகாவலர் என்ற அரசியலமைப்புப் பதவியில் இருந்த துலி மடொன்செலா, 2014-இல் அறிக்கை கொடுத்து, ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டச் சொன்னார். சூமா கண்டுகொள்ளவில்லை. 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த அறிக்கைக்கு ஜனாதிபதி கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவர் சுமார் 78 லட்சம் ராண்ட் கட்டினார்.

இந்தக் கதையைக் கேட்டவர்களின் மனத்தில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயம் நடந்திருக்கும். ஆள் மீது நம்பிக்கை விழுந்திருக்கும், நீதிமன்றத்தின் மீது ஏறியிருக்கும். ஆப்பிரிக்க நாடுகளில் கருத்துக்கணிப்பு நடத்தும் அஃப்ரோபாரோமீட்டர் 2021-இல் தென்னாப்பிரிக்கர்களிடம் கேட்டபோது, நாடாளுமன்றத்தை ஓரளவோ நிறையவோ நம்புவதாகச் சொன்னவர்கள் 27 சதவீதம். நீதிமன்றங்களை நம்புவதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். அந்த 43-உம் பெருமைப்படும்படியான எண் இல்லை. ஆனால் இடைவெளியைக் கவனியுங்கள். 'மக்கள் அரசை நம்பவில்லை' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் அந்த இடைவெளியைத்தான் தவறவிடுகிறார்கள்.

'வேண்டும்' பிறந்த கதை

அரசிடம் எதையாவது எதிர்பார்ப்பதே ஒரு வரலாற்றுச் சாதனை. நம் ஊர்க்காரர்களின் கதையை எடுத்துக்கொண்டால் இது நன்றாகத் தெரியும்.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அரசுக்கும் இருந்த உறவு, பெரும்பாலும் வாங்கும் உறவுதான், அதாவது அரசு வாங்கும். 1895-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்து, மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல், இந்தியாவுக்கும் திரும்பாமல் இங்கேயே சுதந்திரமாக வாழ விரும்புகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். கூலி மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கிய காலம் அது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாதக் கூலி.

1912-இல் கோபால கிருஷ்ண கோகலே இங்கே வந்து போத்தா, ஸ்மட்ஸ் ஆகிய அமைச்சர்களைச் சந்தித்தார். வரியை நீக்குவதாக அவர்கள் வாக்களித்துவிட்டார்கள் என்ற செய்தியோடு ஊர் திரும்பினார். பிறகு அப்படி வாக்கு எதுவும் கொடுக்கவில்லை என்று அரசு கைவிரித்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வரி போட்ட 1895-இல் கிளம்பாத போராட்டம், 1913-இல் கிளம்பியது. வரி அதே வரிதான், இடையில் வந்தது ஒரு வாக்குறுதி. 'நீங்கும்' என்று ஒரு தடவை கேட்டுவிட்ட காது, பிறகு 'நீங்க வேண்டும்' என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை தாண்டி வந்த தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியது. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார், வயது 16. அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

அதற்குப் பிறகும் அரசு நமக்காக இயங்கியது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடங்களில் பலவற்றைச் சமூகமே கைக்காசு போட்டுக் கட்டியது. கோயில்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, கட்டியதையெல்லாம் விட்டுவிட்டு, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கும் பீனிக்ஸுக்கும் போகச் சொன்னது. எதிர்பார்ப்பு ஏறத்தாழப் பூஜ்யம். எதிர்பார்ப்பு பூஜ்யமாக இருக்கும் இடத்தில் ஏமாற்றமும் இருக்காது, கோபம் மட்டுமே இருக்கும்.

1984-ஐயும் இங்கே சொல்லியாக வேண்டும். நிறவெறி அரசு, கறுப்பின மக்களை முற்றாக வெளியே நிறுத்திவிட்டு, வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று அவைகள் கொண்ட நாடாளுமன்றம் ஒன்றை உருவாக்கியது. இந்தியர் அவைக்குத் தேர்தல் வந்தது. பதிவு செய்திருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் வாக்களித்தார். அவர்கள் அக்கறை இல்லாமல் வீட்டில் இருக்கவில்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரனை எழுப்பிவிட்டுப் பரிமாறும் சோறு வேண்டாம் என்று எழுந்து போன கூட்டம் அது. வாக்குச்சாவடி வெறிச்சோடிக் கிடப்பதை வைத்து மட்டும் மக்களின் மனத்தை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பத்து ஆண்டு கழித்து, 1994 ஏப்ரலில், எல்லாரும் வாக்களித்தார்கள். வரிசைகள் மைல் கணக்கில் நீண்டன. 1996 அரசியலமைப்பு, போதுமான குடியிருப்பையும் போதுமான உணவையும் தண்ணீரையும் உரிமைகள் என்று எழுதியது. 'வேண்டும்' இப்போது சட்டமாகிவிட்டது. சட்டத்தில் எழுதியது உடனே 'வரும்' ஆகிவிடாது என்பதற்கு ஐரீன் க்ரூட்பூம் சாட்சி. குடிசை இடிக்கப்பட்டு நின்ற அவர் தொடுத்த வழக்கில் 2000-இல் அரசியலமைப்பு நீதிமன்றம், வீட்டு வசதிக்கு நியாயமான நடவடிக்கை எடுப்பது அரசின் கடமை என்றது. உலகமெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் தீர்ப்பு அது. 2008-இல் அவர் இறந்தபோது அவருக்குச் சொந்த வீடு இல்லை.

விளக்கு வந்த பிறகு எதற்குக் கோபம்?

தொடக்க நிலை வாசகர்கள் தடுமாறும் இடம் இது. நம்பிக்கை சரிகிறது என்றால் எல்லாம் மோசமாகிக்கொண்டே போகிறது என்றுதானே பொருள்? இல்லை. தென்னாப்பிரிக்காவில் 1996 கணக்கெடுப்பின்போது விளக்கெரிக்க மின்சாரம் பயன்படுத்திய குடும்பங்கள் 58 சதவீதம். 2022 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95 சதவீதம். லட்சக்கணக்கான வீடுகளை அரசு கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் நம்பிக்கை இறங்கியது.

ஒரு காரணம் மனித இயல்பு. மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவருக்கு பல்பு அதிசயம். பல்பின் கீழ் பிறந்த மகளுக்கு அது தரையும் சுவரும் போல. அது அணையும்போது அவள் அம்மாவின் பழைய காலத்தோடு ஒப்பிடுவதில்லை, நேற்றோடு ஒப்பிடுகிறாள். 2023-இல் 300 நாட்களுக்கு மேல் நாட்டில் சுழற்சி மின்வெட்டு இருந்தது. எந்த நேரத்தில் மின்சாரம் போகும் என்று கைப்பேசியில் பார்த்து, அதற்கேற்ப அரிசி களையும் பழக்கம் வந்தது. கம்பி வந்து சேர்ந்ததால்தான் மின்வெட்டு என்ற சொல்லுக்கே அந்த வீட்டில் பொருள் வந்தது. அரசு முன்பு சரியாகச் செய்த வேலையே அதன்மீது புதிய கடனை ஏற்றிவிடுகிறது. ஆட்சியாளர்களுக்கு இது நன்றிகெட்ட செயலாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வளர்ச்சி என்பதன் பொருளே இதுதான்.

இரண்டாவது காரணம் அவ்வளவு அப்பாவித்தனமானதல்ல. பணம் இல்லாமல் வேலை நடக்கவில்லை என்றால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பணம் இருந்தும் நடக்கவில்லை, பணம் வேறெங்கோ போனது என்று தெரியும்போதுதான் உடைகிறது. நீதிபதி ரேமண்ட் சோண்டோ தலைமையிலான விசாரணை ஆணையம் 2018 முதல் 2022 வரை, அரசு நிறுவனங்களைத் தனியார் சிலர் உள்ளிருந்தே எப்படி வளைத்துப்போட்டார்கள் என்று நாளெல்லாம் தொலைக்காட்சி நேரலையில் விசாரித்தது. மின்வாரியமும் ரயில் நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருந்தன. நாட்டில் உள்ள 257 நகராட்சி, மாவட்ட அமைப்புகளில் 2022-23 நிதியாண்டுக்குக் குறையில்லாத தணிக்கைச் சான்று பெற்றவை 34 மட்டுமே. தண்ணீர், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு என்று மனிதன் காலையில் எழுந்ததும் முகத்தில் முட்டும் அரசு, இந்த அரசுதான். ஜனாதிபதியை ஆயா தொலைக்காட்சியில் பார்க்கிறார். நகராட்சியைக் குழாயில் பார்க்கிறார்.

வேலையில்லாத் திண்டாட்டம் மூன்றில் ஒருவர் என்ற அளவில் நிற்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு விளக்கம் தேவையில்லை.

இது இந்த நாட்டுக்கே உரிய நோய் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில், வாஷிங்டன் அரசு பெரும்பாலான நேரம் சரியானதைச் செய்யும் என்று 1964-இல் 77 சதவீதம் பேர் நம்பினார்கள். 2023-இல் அது 16 சதவீதம்.

நம்பிக்கை போனால் என்ன ஆகும்?

முதலில் வாக்குச்சாவடியில் தெரியும். 1999 தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர்களில் 89 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2024-இல் 59 சதவீதம்கூட இல்லை. இடையில் 2021 உள்ளாட்சித் தேர்தலில் பாதிப் பேர்கூட வரவில்லை. 2024-இல் வந்தவர்கள், 1994 முதல் ஆண்டுவந்த ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸைக் கிட்டத்தட்ட 40 சதவீதத்துக்கு இறக்கினார்கள். முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக அந்தக் கட்சி பெரும்பான்மையை இழந்து, கூட்டணி ஆட்சி அமைத்தது. பலர் இதை நம்பிக்கைச் சரிவு என்று மட்டும் பார்க்கிறார்கள். வாக்கால் ஒரு பெரிய கட்சியைத் தண்டிக்க முடியும் என்று வரிசையில் போய் நின்றவர், வாக்கை நம்புகிறவர். வீட்டில் தங்கிய 41 சதவீதத்தைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி: அவர்கள் 1984-ஐப் போல மறுத்தவர்களா, சலித்தவர்களா?

அடுத்து, பணம் கட்டுவதில் தெரியும். ஜோகன்னஸ்பர்க் சுற்றுவட்ட நெடுஞ்சாலைகளில் 2013 டிசம்பரில் மின்னணுச் சுங்கம் தொடங்கியது. கம்பத்தில் கேமரா, வீட்டுக்குப் பில். பெரும்பாலானோர் கட்டவே இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கட்டாமல் விட்டு, கடைசியில் 2024 ஏப்ரலில் அரசு அதை நிறுத்திவிட்டது. எல்லாரும் கட்டுவார்கள் என்று நம்பினால் நானும் கட்டுவேன், யாரும் கட்டவில்லை என்றால் நான் மட்டும் ஏமாளியா? நம்பிக்கை, அரசுக்கும் எனக்கும் இடையில் மட்டுமல்லாமல் எனக்கும் அடுத்த காரோட்டிக்கும் இடையிலும் இருக்கிறது என்பதை இந்தக் கதை காட்டியது.

மூன்றாவதைச் சொல்வதற்கு மனம் கூசுகிறது, ஆனால் டர்பன் தமிழனாக எழுதிக்கொண்டு அதைத் தாண்டிப் போக முடியாது. 2021 ஜூலையில், நீதிமன்ற அவமதிப்புக்காகச் சூமா சிறை சென்றதையொட்டி, டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்திலும் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்திலும் கலவரமும் சூறையாடலும் வெடித்தன. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். போலீஸ் பல இடங்களில் தலைகாட்டவே இல்லை. கூப்பிட்டாலும் வராது என்று ஊர் முடிவு செய்தது. தெருமுனையில் டயரும் கட்டிலும் போட்டுத் தடுப்பு வைத்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். பயம் உண்மையானது, பல இடங்களில் காவலும் காவலாகவே நின்றது. ஆனால் இந்தியர் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில், போலீஸ் அமைச்சர் அப்போது சொன்ன கணக்குப்படி, 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வேலைக்குப் போனவர்கள், பெட்ரோல் தேடி வந்தவர்கள், வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்களில் உண்டு. காந்தி 1904-இல் ஆசிரமம் அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

ஓர் அரசு விலகிப்போனால் அந்த இடம் காலியாக இருக்காது. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தெருமுனையில் நிற்கிறவன் கைக்குப் போகிறது. அவன் மனத்தில் ஏற்கெனவே யார் மீது பயம் இருக்கிறதோ அவர்களுக்கு எதிராகத்தான் அதைப் பயன்படுத்துவான். நிறவெறிக் காலம் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்த ஊரில் அந்தப் பயத்துக்கு என்ன நிறம் என்று சொல்ல வேண்டியதில்லை. மனித அறிவியல் ஆய்வு மன்றத்தின் 2022 ஆய்வில், போலீசை நம்புவதாகச் சொன்னவர்கள் 22 சதவீதம். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தடுப்புகள்தான் கண்ணில் வருகின்றன.

நான்காவது வழி மிகவும் மரியாதையானது, சத்தமில்லாதது. வசதி உள்ளவர் விலகிக்கொள்கிறார். தண்ணீருக்குத் தொட்டி, மின்சாரத்துக்குக் கூரையில் சூரியத் தகடு, பாதுகாப்புக்குத் தனியார் காவல், மருத்துவத்துக்குத் தனியார் காப்பீடு. பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்: ஒரு கடை கெட்டுப்போனால் வாடிக்கையாளருக்கு இரண்டு வழி, குரல் எழுப்புவது அல்லது வேறு கடைக்குப் போவது. அதிகம் குரல் எழுப்பத் தெரிந்தவர்களே முதலில் வெளியேறிவிட்டால் கடை திருந்தாது என்றார். வார்டு கூட்டத்தில் எழுந்து நின்று கவுன்சிலரைக் கேள்வி கேட்கக்கூடியவர் யார்? பெரும்பாலும் தொட்டி வாங்க முடிந்தவர்தான். தொட்டி வந்த பிறகு அவர் ஏன் கூட்டத்துக்குப் போகப் போகிறார்? வாளியோடு லாரிக்குக் காத்திருப்பவர்களுக்காகப் பேச ஆளில்லை.

எண்களைப் படிக்கும்போது

நம்பிக்கை அதிகமாக இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று முடிவுகட்டுவதும் தவறு. சீனாவிலும் வியட்நாமிலும் அரசை நம்புகிறோம் என்று பத்தில் ஒன்பது பேர் கருத்துக்கணிப்பில் சொல்கிறார்கள். அங்கே பாதி பதில் பயத்தில் வந்ததாக இருக்கலாம், பாதி உண்மையான திருப்தியாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பிரித்தெடுப்பது சுலபமில்லை. தத்துவ அறிஞர் ஒனோரா ஓ'நீல் 2002-இல் பி.பி.சி. வானொலிச் சொற்பொழிவுகளில் வலியுறுத்தியதை நான் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: எவ்வளவு நம்புகிறாய் என்று கேட்காதே, நம்பத்தக்கவரை நம்புகிறாயா என்று கேள். திருடனிடம் சாவி கொடுத்தவன் நம்பிக்கை மிகுந்தவன்தான்.

உண்மையில் நல்ல அரசியலமைப்புகள் அவநம்பிக்கையைத்தான் அஸ்திவாரமாக வைத்திருக்கின்றன. மக்கள் பாதுகாவலர், தலைமைத் தணிக்கையாளர், தேர்தல் ஆணையம் போன்ற அமைப்புகளைத் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு தன் ஒன்பதாம் அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. ஆட்சியாளரை நம்ப முடியாமல் போகலாம் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்த ஏற்பாடு அது. நாம் ஒவ்வொருவரும் பாலை அளக்காமல் இருப்பதற்கு, நமக்காக அளக்க ஒருவரை நியமித்திருக்கிறார்கள். ந்கண்ட்லா விஷயத்தில் அந்த அளவுகோல் வேலை செய்தது.

எனக்கு உண்மையில் தூக்கத்தைக் கெடுக்கும் எண் வேறு. அதே 2021 அஃப்ரோபாரோமீட்டர் கணிப்பில், வேலையும் வீடும் பாதுகாப்பும் தரக்கூடியவராக இருந்தால், தேர்ந்தெடுக்கப்படாத தலைவருக்காகத் தேர்தலையே விட்டுக்கொடுக்கத் தயார் என்று 67 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றில் இருவர். தண்ணீர் வர வேண்டும் என்பது அவர்களிடம் இன்னும் இருக்கிறது. என் வாக்கால் அது வர வேண்டும் என்பது கழன்றுவிட்டது. 27 சதவீதம் நாடாளுமன்றத்தை நம்புகிறது என்ற எண்ணை அடுத்த நல்ல ஆட்சி மாற்றிவிடலாம். இந்த 67-ஐ மாற்ற நல்ல ஆட்சி மட்டும் போதாது.

நம்பிக்கை திரும்ப வருமா? வரும், ஆனால் போன வேகத்தில் வராது. 2024 மார்ச் இறுதியிலிருந்து பத்து மாதங்கள் சுழற்சி மின்வெட்டு இல்லாமல் கழிந்தன. முதல் மாதம் யாரும் நம்பவில்லை, தேர்தல் வருகிறது, அதனால்தான் என்றார்கள். தேர்தல் முடிந்தும் விளக்கு எரிந்தது. ஆனாலும் யாரும் இன்வெர்ட்டரைக் கழற்றி விற்கவில்லை. 2025 ஜனவரி கடைசியில் மின்வெட்டு எட்டிப் பார்த்தபோது, 'பார்த்தீர்களா' என்று ஒரு குரல் கிளம்பியது பாருங்கள், அதில் வருத்தத்தைவிடத் தன் கணிப்பு பலித்த திருப்திதான் அதிகம். ஒருமுறை ஏமாந்தவருக்கு நல்ல செய்தி என்பது இன்னும் வராத கெட்ட செய்திதான்.

அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு மாலையில் போயிருந்தேன். அன்று காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. பின்வாசலில் ஜோஜோ விளிம்புவரை நிறைந்திருந்தது. பெரியவர்கள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, மோட்டாரைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். ஆயா மட்டும் கூடத்தில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புகார் எண்ணில் அவரை இருபது நிமிடமாகக் காத்திருக்கச் சொல்லி இசை ஓடிக்கொண்டிருந்தது. கையில் பென்சில். சுவரில் தொங்கிய கோயில் நாட்காட்டியில், சஷ்டிக்கும் பிரதோஷத்துக்கும் இடையே, பழைய புகார்களின் பதிவு எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

"தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே, ஆயா, எதற்கு இந்தச் சிரமம்?" என்று கேட்டேன்.

"தொட்டியில் இருப்பது மழை கொடுத்தது" என்றார். "நான் பில் கட்டுவது குழாய்க்கு."

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். ஆயா என்னைக் கையமர்த்திவிட்டுப் பென்சிலை எடுத்தார்.